தட்டுக் கணக்கில் எண்ணிய வாத்துகள்

என் மனைவிக்கு நான் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தேன். முப்பத்தோரு வருஷம் அப்படியே கிடந்த கடன். எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் அரசாங்கக் காகிதத்திலேயே ஏறிவிட்ட விஷயத்தை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பறவை பார்ப்பவர்கள் சங்கத்தார் வருஷ மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்தான் நான். ஆனாலும் மூன்று லாரி, ஒரு ஷெட்டு, ஷெட்டுக்கு மேலே நாலு அறை வீடு, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. இதையும் இந்தக் கையே எழுதும்.

அவளை நான் முதலில் பார்த்தது முட்டைக் கூடத்தில். அப்போது எனக்குக் கைவண்டி. கூடத்திலிருந்து கடைகளுக்கு முட்டைப் பெட்டி தள்ளுவேன். ஒரு நடைக்கு ஒரு முட்டைகூட உடையாது, அந்த வட்டாரத்தில் அப்படி வண்டி தள்ள வேறு ஆள் கிடையாது. கூடத்தின் பின்பக்கம் ஒரு இருட்டறை. மேஜைமேல் தகரப் பெட்டி, பெட்டிக்குள் பல்பு, பெட்டியின் முகத்தில் முட்டை உட்காரும் அளவுக்கு ஓர் ஓட்டை. முட்டையை அதில் வைத்து மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும். ரத்தப் பொட்டு, மயிரிழைக் கீறல், கலங்கின கரு. ஒரு முட்டைக்கு அரை நொடிதான். நல்லது தட்டுக்கு, கெட்டது வாளிக்கு. தட்டுக்கு முப்பது.

பதினேழு வயதில் அந்த இருட்டுக்குள் போனவள், ஐம்பது வயதில் வெளியே வந்தாள். முப்பத்து மூன்று வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலை. அதனால் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதையும் ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டாள். தட்டாகத்தான் எண்ணுவாள். எங்கள் மகள் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பந்தி பார்த்தவர் கேட்டபோது, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதினோரு தட்டு. ரெண்டு உடைசல்" என்றாள். உடைசல் என்றது குடித்துவிட்டு வந்திருந்த என் இரண்டு சித்தப்பாக்களை.

பதினெட்டாயிரம் அந்த இருட்டறைக் காசுதான். அப்போது ஒரு பழைய லாரி விலைக்கு வந்தது. என் கையில் இருந்தது போதவில்லை. அவள் பத்து வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை எடுத்து வைத்தாள்.

"கடனாத்தான் தரேன்" என்றாள்.

"புருஷனுக்கு யாராவது கடன் கொடுப்பாங்களா?"

"பின்னே இனாமாவா? கண்ணு போக முட்டை பார்த்த காசுங்க."

"அடுத்த வருஷம் வாங்கிக்கோ" என்றேன்.

அடுத்த வருஷமே கொடுத்திருக்கலாம். லாரி நன்றாக ஓடியது. ஆனால் அதற்குள் நான் ஊரில் ஒரு பேச்சுப் பேச ஆரம்பித்திருந்தேன். கைவண்டியிலிருந்து லாரிக்கு வந்தவன், ஒரு ஆளிடம் ஒரு காசு கடன் வாங்காமல் வந்தவன் என்று. லாரிக்காரர்கள் சங்கத்து மேடையில் பேசினேன். மகள் கல்யாணத்தில் பேசினேன். சம்பந்தி வீட்டாரிடம் தனியாகவும் பேசினேன். நன்றாக இருக்கும், கேட்கிறவர்கள் கண் விரியும். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வருஷக் கடைசியில் ஒரு தடவை மட்டும், "அந்தப் பதினெட்டு அப்படியே இருக்கு" என்பாள். "எங்கே ஓடிடப் போகுது?" என்பேன். கொடுத்தால் பேச்சு பொய்யாகிவிடும். கொடுக்காதவரைக்கும் லாரியும் பேச்சும் ஓடிக்கொண்டிருந்தன.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கூடத்துக்கு முட்டை பார்க்கும் மெஷின் வந்தது. அவளையும் இன்னும் பதினாறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாசம் வீட்டில் இருந்தாள். பீரோவை மூன்று தடவை ஒழித்து அடுக்கினாள். என் டிரைவர்களை மேலும் கீழும் பார்க்க ஆரம்பித்தாள். அவர்கள் நடுங்கினார்கள்.

அது அக்டோபர் மாசம். காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வரும் காலம். ஷெட்டில் லாரி கழுவும் இடத்துத் தண்ணீரில் ஒரு சின்னக் குருவி வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடந்தது. "இங்கே வா, இதென்ன, வாலை ஆட்டிக்கிட்டே திரியுது" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். ஆக, அவளுக்கு முதல் பறவையைக் காட்டினவன் நான். சங்கத்தார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது வாலாட்டி என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

குருவி பின்சுவரைத் தாண்டிப் பறந்தது. அவள் பின்கதவைத் திறந்துகொண்டு அதன் பின்னாலேயே போனாள். ஷெட்டுக்குப் பின்னால் கால் மணி நேர நடையில் சதுப்பு ஏரி. காய்ந்த நாணல், சேறு, நடுவே தண்ணீர். நான் அந்தப் பக்கம் போனதெல்லாம் பழைய டயரைக் கொட்டத்தான். மதியம்வரை அவள் வரவில்லை.

அங்கே மடக்கு நாற்காலி போட்டு ஓர் ஓவிய வாத்தியார் உட்கார்ந்திருந்தாராம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் பைனாகுலர்.

"அந்தப் பக்கம் போகாதீங்கம்மா, உள்ளான் எழும்பிடும்."

"எது சார் உள்ளான்?"

"அதோ, சேத்து ஓரத்துல. சேத்து நிறத்துலயே இருக்கும், சட்டுனு தெரியாது. ஆறு நிக்குது."

"ஏழு நிக்குது சார். ஒண்ணு நொண்டுது."

வாத்தியார் பைனாகுலரை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த பிறகுதான் ஏழாவது கிடைத்தது. நொண்டியது அதுதான். "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாராம். அவரே இதை என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து செப்டம்பர் முடிந்தால் அவள் வீட்டில் இல்லை. முதலில் உள்ளான், பிறகு வாலாட்டி, நவம்பரில் வாத்துகள். நீண்ட வால் ஊசிவால் வாத்து, அகப்பை மூக்கு தட்டைவாயன், சின்னதாகக் கிளுவை, கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாய் நாமக்கோழி. டிசம்பரில் நாணலுக்கு மேலே தாழப் பறக்கும் பூனைப்பருந்து. வாத்தியார் அவளுக்கு ஒரு பழைய பைனாகுலர் கொடுத்தார். ஒரு குழாய்தான் தெரியும், இன்னொன்று மங்கல். "முட்டை பார்க்கும்போதும் நான் ஒரு கண்ணைத்தான் திறப்பேன்" என்று அதையே வைத்துக்கொண்டாள். காலை டீயை நானே போட்டுக்கொள்ளும்படி ஆனது. நான் போடும் டீ அவள் போடுவதைவிட நன்றாக இருக்கும், அது வேறு விஷயம்.

ஜனவரி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அந்த ஏரியில் கணக்கெடுப்பு. வருஷத்துக்கு ஒரே நாள். நீர்நிலை அலுவலகம் ஒரு படிவம் கொடுக்கும், யார் எண்ணுகிறார்களோ அவர்கள் எழுதித் தரவேண்டும். நாலாயிரம் வாத்தை எப்படி எண்ணுவது? இவள் கையை நீட்டி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கூட்டத்தின் ஒரு மூலையைப் பிடிப்பாள். அதற்குள் முப்பது அடங்கும்படி விரலைச் சரிசெய்துகொள்வாள். பிறகு அந்தச் சட்டத்தை நகர்த்திக்கொண்டே போவாள். ஒரு தட்டு, ரெண்டு தட்டு, மூணு தட்டு. வாத்தியார் ஒரு தடவை படம் பிடித்து, அதில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணிப் பார்த்தாராம். ஆயிரத்துக்கு எட்டுதான் வித்தியாசம்.

இதில் என்ன பெரிய வித்தை என்று நானும் ஒரு வருஷம் போனேன். ஒரு லாரி மண்ணைத் தூரத்திலிருந்து பார்த்தே எத்தனை கன அடி என்று சொல்லுகிறவன் நான். நாமக்கோழிக் கூட்டத்தைப் பார்த்து, "இருநூறு" என்றேன்.

"பன்னெண்டு தட்டு" என்றாள். முந்நூற்று அறுபது.

"கண்ணை மூடிக்கிட்டு எண்ணினியா?"

"பாதி முங்கியிருக்குங்க. மூச்சு விட மேலே வரட்டும், பாருங்க."

வந்தன. மண் லோடு முங்காது. அதனால் எனக்கு அந்தப் பயிற்சி இல்லை, அவ்வளவுதான்.

ஏழு வருஷமும் இவள் தட்டுச் சொல்ல, வாத்தியார் முப்பதால் பெருக்கிப் படிவத்தில் எழுதினார். இந்த வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல். இவளே போனாள், இவளே எண்ணினாள், இவளே எழுதினாள். ஊசிவால் 46. தட்டைவாயன் 31. கிளுவை 52. நாமக்கோழி 13. அடியில் கூட்டிப் போட்டாள். 142. பூனைப்பருந்து 2 என்று தனி வரியில். கையெழுத்துப் போட்டு அன்றைக்கே கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏரியின் வடக்கு ஓரத்தில் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி மூன்று வருஷமாக அலைந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் ஆயிரம் பறவைக்குக் குறைவாக இருந்தால்தான் மண் போட்டுத் தூர்க்கலாம் என்று சட்டம். வருஷா வருஷம் நாலாயிரம் இருந்தது. இந்த வருஷம் நூற்று நாற்பத்திரண்டு. கம்பெனிக்காரர்கள் துள்ளிக் குதித்துவிட்டார்கள். மண் அடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? மூன்று லாரிக்கும் ஆறு மாச வேலை. மேனேஜர் ஒப்பந்தத்தோடு அந்தக் கணக்கெடுப்பு நகலையும் மேஜைமேல் வைத்தார். 142 என்று இவளுடைய உருண்டை எழுத்து.

பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகப் புரிந்தது. அவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவனுக்குப் புரியாமல் இருக்குமா? பேனாவை வாங்கினேன், கையெழுத்துப் போட்டேன். தொழிலில் பாதி வாயைத் திறப்பது, பாதி மூடுவது.

மூடினது மூடியபடியே இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. இரண்டு நாள் கழித்து மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது பெருமை பொறுக்கவில்லை. "வர்ற திங்கக்கிழமைலேருந்து வடக்கு ஓரத்தை நாமதான் தூர்க்கப்போறோம். மூணு வண்டியும் ஓடும்" என்றேன்.

"எந்த வடக்கு ஓரம்?"

"ஏரிதான். வேறெது?"

"ஆயிரத்துக்குக் கீழே இருந்தாத்தானே தூர்க்க விடுவாங்க?"

"நூத்தி நாப்பத்திரண்டுன்னு நீதானே எழுதிக் கொடுத்திருக்கே?"

கரண்டியைக் கீழே வைத்தாள். "அது தட்டுங்க" என்றாள். "பறவை இல்லை. தட்டு."

"அப்படியா?" என்றேன்.

அந்த 'அப்படியா'வில்தான் மாட்டிக்கொண்டேன். என் முகத்தை அரை நொடிதான் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். "பார்த்த அன்னைக்கே தெரியும்."

நான் தண்ணீர் குடித்தேன்.

"தப்பு என்னுது. நான்தான் பெருக்காம எழுதினேன். நாளைக்கே போய்த் திருத்திட்டு வரேன்" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டி விஷயத்தை வேறு பக்கம் கொண்டுபோயிருப்பேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவளையும் வாத்தியாரையும் நானே லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். என் பெயர் அடிபடும் இடத்தில் நான் இல்லாமல் இருப்பதா?

நீர்நிலை அலுவலகத்தில் இருந்த அலுவலர் சின்னப் பெண், என் மகள் வயது. குளிருக்கு டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இவள் சொன்னதைக் கேட்டார்.

"தட்டுன்னா முப்பதா?"

"முப்பது, மேடம்."

"அப்போ மொத்தம் நாலாயிரத்து இருநூத்தி அறுபது."

"ஆமா."

"பூனைப்பருந்து ரெண்டுன்னு போட்டிருக்கீங்களே, அது அறுபதா?"

"பருந்தைத் தட்டுல அடுக்க முடியுமா மேடம்? அது ரெண்டேதான்."

அலுவலர் சிரித்துவிட்டார். வாத்தியார் ஏழு வருஷப் படிவங்களின் நகலை எடுத்து வைத்தார். எல்லாம் நாலாயிரத்தை ஒட்டித்தான் இருந்தன. அலுவலர் ஒரு திருத்தப் படிவத்தை இழுத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.

"தூர்க்கிற கம்பெனியோட, இல்ல அவங்க ஒப்பந்தக்காரங்களோட உறவு ஏதாவது உண்டா?"

"உண்டு மேடம். மண் அடிக்கிறவர் இவர்தான். என் வீட்டுக்காரர்."

அலுவலர் என்னைப் பார்த்தார். "இந்தத் திருத்தம் ஏறினா உங்க வேலை போயிடும், தெரியுமா சார்? நீங்களேவா கூட்டிட்டு வந்தீங்க?"

"டீசலும் என்னுதுதான்" என்றேன்.

"சரி, உறவுல பிரச்சினை இல்ல. சொந்தப் புருஷனுக்கு நஷ்டம் வரணும்னு யாரும் பொய்க்கணக்கு எழுத மாட்டாங்க."

"அப்படிச் சொல்லிட முடியாது மேடம்" என்றார் வாத்தியார். அவருக்கும் கல்யாணமாகி நாற்பது வருஷம்.

"அடுத்தது. ஒப்பந்தக்காரரோட கொடுக்கல் வாங்கல் பாக்கி ஏதாவது?"

"இல்லை" என்றேன் நான்.

"உண்டு" என்றாள் அவள். "எனக்குப் பதினெட்டாயிரம் வரணும். முப்பத்தோரு வருஷம் ஆச்சு."

பேனா எழுதியது. அது எழுதும் சத்தம் எனக்குக் கேட்டது. வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். லாரிக்காரர்கள் சங்கத்தில் தலைவராக இரண்டு தடவை இருந்தவன் நான். அரசாங்கக் காகிதத்தில், முத்திரை போட்ட காகிதத்தில், கடன்காரன்.

அலுவலர் பேனாவை மூடினார். "இதுதான்மா சிக்கல். கம்பெனி இதைச் சும்மா விடாது. கொடுத்த காசு திரும்பி வராத கோபத்துல கூட்டி எழுதிட்டாங்கன்னு சொல்லுவாங்க. திருத்தம் நிக்காது. மறுபடி எண்ணவும் விதி இல்ல, எண்ணுற நாள் ஒண்ணுதான். திங்கக்கிழமை அவங்க மண் கொட்ட ஆரம்பிச்சிடுவாங்க." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யுங்க. 'வரவேண்டியது ஒண்ணுமில்லை, வாங்கிட்டேன்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. வீட்டுக்குள்ள இருக்கிற விஷயம்தானே?"

எனக்கு மூச்சு வந்தது. நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்காததை வாங்கினேன்னு எழுதறதா?" என்றாள் இவள். "அப்புறம் நான் எழுதின நாலாயிரத்து இருநூத்தி அறுபதை யார் மேடம் நம்புவாங்க?"

அலுவலர் படிவத்தை ஓரமாக வைத்தார். "அப்போ அவர் கொடுக்கணும். திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு. கம்பெனி ஆளையும் வரச் சொல்றேன். அவர் முன்னாடி கொடுத்து, நீங்க வாங்கி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா அப்பவே முத்திரை வச்சிடுறேன். பத்தரைக்குள்ள வரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பதினெட்டாயிரம் இன்றைக்கு எனக்கு ஒரு டயர் காசு. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை நான் கொடுத்தால் ஆறு மாச வேலை போகும், முப்பத்தோரு வருஷப் பேச்சும் போகும். கொடுக்காவிட்டால் இவளுடைய வடக்கு ஓரம் போகும்.

சனிக்கிழமை மேனேஜர் ஷெட்டுக்கே வந்தார். நல்ல சட்டை, நல்ல செண்டு. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். திங்கக்கிழமை உடம்பு சரியில்லைன்னு படுத்துக்கங்க. அது போதும். கிழக்குப் பக்க வேலையும் உங்களுக்குத்தான்."

"சும்மா படுத்திருக்கக் கூலியா?"

"உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன். யார்கிட்டயும் கைநீட்டாம வந்தவர்னு ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பேசுது. பெண்டாட்டிகிட்டயே வாங்கிட்டுக் கொடுக்கலைன்னு வெளியில தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? நீங்க கொடுத்தாத்தானே கடன்? கொடுக்கலைன்னா அப்படி ஒண்ணு இருந்ததே இல்லைன்னு ஆயிடும் பாருங்க."

இரும்பு மாடிப்படியில் அவள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அவர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போவதைப் பற்றி இல்லை. எத்தனையோ வேலை போயிருக்கிறது, வேறு வேலை பிடித்திருக்கிறேன். என் பேச்சையே எனக்கு மூக்கணாங்கயிறாகப் போட்டு, செண்டு போட்ட ஒரு பையன் இழுக்கிறான். கயிற்றைத் திரித்துக் கொடுத்தவன் நான்.

ஞாயிறு காலையில் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். "வாங்க" என்றும் சொல்லவில்லை, "எதுக்கு" என்றும் கேட்கவில்லை. பனி தண்ணீரின்மேல் கிடந்தது. நாணலின் நுனி மட்டும் தெரிந்தது. உள்ளே எங்கேயோ கிளுவைகள் மெல்லிசாக விசில் அடிப்பது கேட்டது. வெயில் ஏறப் பனி விலகி வடக்கு ஓரம் தெரிந்தது. ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் தட்டைவாயன்கள் மூக்கைத் தண்ணீரில் வைத்து, ஒன்றன் பின் ஒன்றாக வட்டமடித்துக்கொண்டிருந்தன. கம்பெனி நட்ட சிவப்புக் குச்சிகள் அவற்றுக்கு நடுவிலேயே நின்றன. ஒரு குச்சியின்மேல் வாலாட்டி உட்கார்ந்திருந்தது.

"இங்கே ஏன் இவ்வளவு கூட்டம்? நடுவுலதான் தண்ணி நிறைய இருக்கே?" என்றேன்.

"நடுவுல ஆழம். தட்டைவாயனுக்குக் கழுத்து எட்டாது. ஊசிவால் தலைகீழா நின்னு மேயும், அதுக்கும் முழங்கால் தண்ணிதான் வேணும். சாப்பாடெல்லாம் இந்த ஓரத்துலதான். இதைத் தூர்த்துட்டா மிச்சம் இருக்கிறது வெறும் தண்ணி."

நாணலுக்கு மேலே பூனைப்பருந்து சாய்ந்து சாய்ந்து வந்தது. சட்டென்று எல்லா வாத்தும் ஒன்றாக எழும்பின. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே ஓரத்தில் இறங்கின. அவள் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். நானும் என் விரலை நீட்டினேன். பதினாறு தட்டில் விட்டுவிட்டேன். அவள் கடைசிவரை போனாள்.

"நாளைக்கு வர்றீங்களா?" என்று அப்போதுதான் கேட்டாள்.

"பார்ப்போம்."

"வராட்டியும் நான் போவேன். உள்ளதைச் சொல்லிட்டு வந்துடுவேன். அதுக்கப்புறம் அவங்க பாடு."

அந்தப் பதினெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே நாங்கள் அலுவலகத்தில் இருந்தோம். எங்கேயும் நேரத்துக்குப் போகிறவன் நான். வாத்தியார் பெஞ்சில். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உடம்பு எப்படி இருக்கு அண்ணே?" என்றார்.

"கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

அலுவலர் படிவத்தை எடுத்தார். "கடன் எதுக்காக வாங்கினதுன்னு ஒரு வரி எழுதணும். யார் சொல்றீங்க?"

இவள் வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இவர் யார்கிட்டயும் கடனே வாங்கினது கிடையாது மேடம்" என்றார் மேனேஜர். "ஊருக்கே தெரியும். அம்மா ஏதோ ஞாபகப் பிசகுல..."

"முதல் லாரிக்கு" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க சார்."

"என் முதல் லாரி வாங்கறதுக்கு. என்கிட்ட பத்தலை. இவ முட்டைக் கூடத்துல சம்பாதிச்சதுல பதினெட்டாயிரம் வாங்கினேன். அந்த லாரியாலதான் மத்தது எல்லாம் வந்தது. எழுதிக்கங்கம்மா."

எழுதினார். மேனேஜர் உட்கார்ந்துவிட்டார்.

நான் பையைத் திறந்தேன். கொடுப்பது என்று வந்துவிட்டால் நான் அற்பமாகக் கொடுக்கிறவன் இல்லை. ஒரு லட்சம் கொண்டுபோயிருந்தேன். கட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, "வட்டியோட இருக்கு. எடுத்துக்கோ" என்றேன்.

"பதினெட்டுதாங்க" என்றாள்.

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு."

"நான் வட்டி பேசலை. இன்னைக்கு ஒரு தாள் கூட வந்தாலும், புருஷன் காசு கொடுத்து எழுத வச்சார்னு இவர் சொல்லுவார்." மேனேஜரைக் காட்டினாள். "பதினெட்டு மட்டும் எண்ணிக் கொடுங்க."

கட்டைப் பிரித்தேன். எல்லாம் ஐநூறு தாள். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, வலது கையை என் முன்னால் நீட்டினாள். உள்ளங்கை முழுக்க நாணல் கீறிய கோடுகள். அலுவலர் முத்திரையை மை அட்டையில் அழுத்தித் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

முதல் தாளை வைத்தேன். "வாய்விட்டு எண்ணுங்க" என்றாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணினேன். இருபதுக்குமேல் தாள்கள் சரியப் பார்த்தன. கட்டை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டாள், கையை மூடவில்லை. முப்பத்து நாலு. முப்பத்தைந்து. முப்பத்தாறாவது தாளை அந்த உள்ளங்கையில் வைத்தேன்.